சட்டையில் அச்சாகும் பெயர்

(கல்லூரி விளையாட்டையும் விற்பனை லாபத்தையும் குறித்து அவிநாசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரிக்காக ஆடுகிற பிள்ளைகளின் பெயரையும் எண்ணையும் படத்தையும் போட்டு விற்கிற பொருளின் லாபத்தில் அவர்களுக்குப் பங்கு தரவேண்டுமா? இதுதான் இன்றைய பேச்சு. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். "அமெரிக்காக்காரன் பஞ்சாயத்தை அவிநாசியில வெச்சு எதுக்குங்க மாஸ்டர் பேசோணும்?" என்று கேட்டார். அவர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அந்தப் பஞ்சாயத்தின் பாதி அவருடைய தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து திருமுருகன்பூண்டி, அனுப்பர்பாளையம் வழியாகத் திருப்பூர் போகிறவர்கள் எத்தனையோ ஜெர்சி யூனிட்டுகளைக் கடந்துதான் போகிறீர்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவாக இருப்பீர்கள். கணினியில் போட்ட டிசைனைத் தாளில் அச்சடிக்கிறார்கள். அந்தத் தாளைப் பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, இருநூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் கொஞ்ச நேரம் அழுத்துகிறார்கள். மை ஆவியாகித் துணிக்குள் இறங்கிவிடுகிறது. துவைத்தாலும் போகாது. சப்ளிமேஷன் என்பது இதுதான். ஸ்கிரீன் பிரிண்டிங் மட்டும் இருந்த காலத்தில் சட்டைக்குச் சட்டை பெயர் மாற்றினால் கட்டுப்படியாகாது; ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும். இப்போது ஒரே ஒரு சட்டைக்குக்கூட ஒரு பெயரை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரை அச்சடிப்பது இவ்வளவு மலிவானதும், பெயரை விற்பது ஒரு வியாபாரமாகிவிட்டது.

அந்த யூனிட்டின் காஸ்டிங் ஷீட்டைப் பாருங்கள். துணிக்கு ஒரு வரி, பிரிண்டுக்கு ஒரு வரி, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிவரியாகப் போகும். தையல் நூலுக்குக் கணக்கு உண்டு. பாலித்தீன் பைக்கும் உண்டு. உரிமம் பெற்ற கல்லூரிச் சரக்கு என்றால் ராயல்டி என்று இன்னொரு வரி சேரும். அது கல்லூரிக்குப் போகிற பணம். முதுகில் எந்தப் பையனுடைய எண் இருக்கிறதோ, எந்த எண்ணுக்காக வாங்குகிறவர் அந்தச் சட்டையைத் தேடி எடுத்தாரோ, அவனுக்கு அந்தத் தாளில் வரியே கிடையாது. அமெரிக்காவில் 2021 வரை நிலைமை இதுதான்.

அமெரிக்கக் கல்லூரிகளின் சின்னத்தை உரிமம் கொடுத்து விற்பதற்கென்றே ஒரு நிறுவனம் 1981-ல் தொடங்கிவிட்டது. கல்லூரிக்குப் பணம் வந்தது, சட்டை தயாரிப்பாளருக்கு வந்தது, கடைக்காரருக்கும் வந்தது. ஆட்டக்காரருக்கு வரக்கூடாது என்பது அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் விதி. ஆடுகிறவன் மாணவன், அவன் காசு வாங்கினால் விளையாட்டின் தூய்மை கெட்டுவிடும் என்றார்கள். பயிற்சியாளர் கோடிக்கணக்கில் வாங்கினால் தூய்மை கெடாதா என்று கேட்டால் பதில் இல்லை.

2010-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கால்பந்தாட்டக்காரர் ஏ.ஜே. கிரீன். அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், தோளில் காப்பு கட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம். ஒரு போட்டியில் தான் போட்டிருந்த சட்டையை அவர் ஆயிரம் டாலருக்கு விற்றார். நான்கு ஆட்டங்களுக்கு அவரைத் தடை செய்தார்கள். அதே நாட்களில் அவருடைய எட்டாம் எண் சட்டையைப் பல்கலைக்கழகக் கடை விற்றுக்கொண்டிருந்தது. தன் வியர்வை பட்ட சட்டையை அவர் விற்றால் குற்றம். அவர் எண்ணைப் போட்ட புதுச் சட்டையைக் கல்லூரி விற்றால் வருமானம்.

மூன்று ஆண்டு கழித்து ஜே பிலாஸ் என்ற தொலைக்காட்சி வர்ணனையாளர் ஒரு வேலை செய்தார். என்.சி.ஏ.ஏ.யின் இணையக் கடையில் போய் ஆட்டக்காரர்களின் பெயரைத் தட்டிப் பார்த்தார். சட்டைகளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான் என்று சங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஜானி மன்சீல் என்று தட்டினால் அவர் ஆடிய அணியின் அவர் எண் போட்ட சட்டை வந்து நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் அதே கதை. யாருடைய சட்டை என்று கடைக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. பிலாஸ் அதை வெளியிட்டதும், ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்த விற்பனையையே நிறுத்திக்கொண்டார்கள். தப்பில்லை என்றால் எதற்கு நிறுத்துவது?

எட் ஓபேனன் வழக்கு இன்னும் சுவையானது. 1995-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி பட்டம் வென்றபோது ஆடியவர். பிற்பாடு கார் விற்கும் வேலைக்குப் போய்விட்டார். நண்பர் வீட்டுப் பிள்ளை ஆடுகிற வீடியோ கேமில் தன்னையே பார்க்கிறார்: வழுக்கைத் தலை, இடக்கை ஆட்டம், 31-ஆம் எண். பெயர் மட்டும் இல்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் ஒரு பகுதி குறைந்தது. இந்த மாதிரி வழக்குகளின் நடுவே கல்லூரி வீடியோ கேம்களே நின்றுபோயின. பிறகு 2021 ஜூனில், ஆல்ஸ்டன் என்ற ஆட்டக்காரர் பெயரில் நடந்த வழக்கு. படிப்பு சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் உச்சவரம்பு வைக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அது சம்பளத்தைப் பற்றிய தீர்ப்பல்ல. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சங்கத்துக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து, தன் பெயரையும் படத்தையும் வைத்து மாணவன் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் 2024-ல் திரும்பி வந்தபோது, சம்மதித்த ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் போட்ட இன்னொரு வழக்கில் 2025 ஜூனில் வில்கன் ஒப்புதல் கொடுத்த சமரசத்தின்படி, கல்லூரிகளே முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம் என்றாயிற்று. பழைய பாக்கிக்கு 280 கோடி டாலர் தனி. இந்தப் பெரும்பணமெல்லாம் தொலைக்காட்சி உரிமையிலும் டிக்கெட்டிலும் வருவது. சட்டை விற்பனை அதில் சின்னப் பங்கு. ஆனால் மனிதர்களுக்கு அநியாயம் புரிந்தது சட்டையில்தான். தொலைக்காட்சி ஒப்பந்தத்தை யாரும் கையில் எடுத்துப் பார்க்க முடியாதே.

சரி, நம் ஊருக்கு வருவோம். நண்பர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் எந்தக் கல்லூரிச் சட்டையையும் ஊர்க்காரர் யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. கல்லூரி டீ-ஷர்ட் என்பது கட்டண ரசீதோடு சேர்ந்து வருகிற ஒன்று. ஆகவே பங்கு போட லாபமே இல்லை என்று எழுந்து போய்விடலாமா? நம் கல்லூரிகள் விற்கிற சரக்கு எது என்று கேட்டுப் பாருங்கள். சீட்டுதான் சரக்கு. அந்தச் சரக்குக்கு விளம்பரம், ஆட்டக்காரரின் முகம்.

பிளஸ் டூ முடிவு வருகிற நாட்களில் அவிநாசியிலிருந்து கோவை நோக்கி நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ். ஒரு பக்கம் வேலை கிடைத்த பிள்ளைகளின் சிறிய சிறிய படங்கள், ஸ்டாம்பு ஒட்டியது போல. மறுபக்கம் கழுத்தில் பதக்கத்தோடு ஒரு விளையாட்டு வீராங்கனை, ஆளுயரத்துக்கு. கீழே, 'சேர்க்கை நடைபெறுகிறது'. பதக்கம் வாங்கிய பெண்ணின் பெயர் பல நேரம் தாளாளர் பெயரைவிடச் சின்ன எழுத்தில்.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு கூடைப்பந்துப் பெண். காங்கேயம் பக்கத்துக் கிராமம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். பல்கலைக்கழக அணிக்கு ஆடி வந்த ஆண்டில், அவள் படித்த கல்லூரி அவள் படத்தை டவுன் பஸ்ஸின் பின்பக்கத்தில் போட்டது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அவள் அம்மா அந்த பஸ்ஸின் பின்னாலேயே மொபட்டில் வந்தாராம். என்னைப் பார்க்க வந்தவர் ரொம்ப நேரம் சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், பாப்பா படத்தப் பஸ்ஸுல ஒட்டியிருக்காங்களே, அதுக்கு ஏதாச்சும் குடுப்பாங்களாங்க?" நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "இல்லீங்க, கேட்டா சீட்டுக்கு ஏதாச்சும் வந்துருமோன்னு அவ பயப்படறா. கேக்க வேண்டாங்க." பஸ்ஸில் இடம் பிடிக்க ஏஜென்சிக்குக் கல்லூரி வாடகை கட்டியது. படம் எடுத்த ஸ்டூடியோவுக்கும் பில் வந்தது. பிரிண்டிங் கடைக்கு அடி கணக்கில் பணம் போனது. பெண்ணுக்கு, கல்லூரி விழாவன்று ஒரு பொன்னாடை.

இதற்கு நிர்வாகங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இலவச சீட்டு, விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, ஷூ, கிட் எல்லாம் கொடுக்கிறோமே, அதுவே சம்பளம் இல்லையா? இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எனக்குத் தெரியும். கொங்கு நாட்டில் கூடைப்பந்தும் கைப்பந்தும் கபடியும் இன்றைக்கு உயிரோடு இருப்பது கல்லூரிகளாலும் மில் முதலாளிகளாலும்தான். பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று கோவையில் நடக்கும் போட்டிகளின் பெயரைக் கேட்டாலே யார் காசு போட்டார்கள் என்று தெரியும். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் சீட்டு எதற்காகக் கொடுக்கப்பட்டது? காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்ததற்கு, மாலையில் இருட்டும்வரை ஆடியதற்கு, செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் அன்ரிசர்வ்டு பெட்டியில் உட்கார்ந்து வெளிமாநிலப் போட்டிக்குப் போய் வந்ததற்கு. அது ஆட்டத்தின் கணக்கு. முகத்தின் கணக்கு வேறு. வீட்டில் குடியிருக்க வாடகைக்கு விட்டவர், வீட்டின் சுவரில் விளம்பரம் எழுத விட்டதாக ஆகுமா?

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அதற்கு வழி திறந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. சிறைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அந்தத் தீர்ப்பை நாம் கொண்டாடுகிறோம். ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2003-ல் உலகக் கோப்பை கிரிக்கெட்டை ஒட்டிய ஒரு வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம், புகழின் உரிமை தனி மனிதருக்கு உரியது, போட்டி நடத்துகிறவருக்கு உரியதல்ல என்றது. 2015-ல் ரஜினிகாந்த் தம் பெயரைப் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2021-ல் டோக்கியோவில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும் வாழ்த்துச் சொல்கிற சாக்கில் அவர் படத்தோடு தங்கள் சின்னத்தையும் போட்ட ஏறத்தாழ இருபது நிறுவனங்களுக்கு அவர் தரப்பு வழக்கு எச்சரிக்கை விட்டது. சிந்துவுக்கு ஒரு நிர்வாக நிறுவனம் இருக்கிறது. காங்கேயத்துப் பெண்ணுக்கு மொபட்டில் வந்த அம்மாதான்.

இன்னொன்று. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் சென்டர்களுக்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. தேர்வில் வென்ற மாணவரின் பெயர், படம், பாராட்டுரையை அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் விளம்பரத்தில் போடக்கூடாது. அந்தச் சம்மதத்தையும் வெற்றிக்குப் பிறகுதான் வாங்க வேண்டும். சேரும்போதே படிவத்தில் கையெழுத்து வாங்கிவைத்தால் செல்லாது. அருமையான விதி. ஆனால் கோச்சிங் என்பதன் வரையறையிலிருந்து விளையாட்டை வெளியே நிறுத்திவிட்டார்கள். 

காசு கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது அடுத்த கவலை. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைகளுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு அரசே கொடுக்கிறது. முதலமைச்சர் கோப்பை மாநிலப் போட்டியில் தனிநபர் முதலிடத்துக்கு 1 லட்சம். இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் வருமானத்தில் 26 விழுக்காட்டை ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்குகிற ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுகிறவரும் அதில் அடக்கம். யாரும் கெட்டதாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையே மௌலானா ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. அது பல்கலைக்கழகத்தின் அலமாரிக்குப் போகிறது. ஓடியவனுக்கும் தாண்டியவளுக்கும் சான்றிதழ். பிள்ளைகள் கெடாமல் இருப்பதற்கு அதுதான் வழி என்றால், அலமாரிகளும் கொஞ்சம் கெடாமல் இருக்கட்டுமே.

அமெரிக்காவில் இப்போது நடப்பதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பணக்கார ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குகிறார்கள், பையன்கள் ஆண்டுக்கொரு கல்லூரி மாறுகிறார்கள் என்கிறார்கள். உண்மைதான். பல பத்தாண்டுகள் ஒரு காசும் கூடாது என்று அடைத்துவைத்த மடை ஒரே நாளில் உடைந்ததால் வந்த கூத்து அது. நம்மூரில் மட்டும் இழுபறி இல்லையா? இரண்டாம் ஆண்டு படிக்கும் கைப்பந்து செட்டரை இன்னொரு கல்லூரி ரகசியமாகப் பேசி இழுத்துக்கொண்டு போவதை இந்த அவையில் இருக்கும் உடற்கல்வி இயக்குநர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறோம். கணக்கில் எழுதிக் கொடுப்பது நல்லதா, கணக்கில் வராமல் கொடுப்பது நல்லதா?

எனக்கு உண்மையாகவே கடினமாகத் தோன்றுகிற கேள்வி வேறு. ஃபிளெக்ஸில் முகம் வருகிறவள் ஒருத்தி; அவளுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர்கள் நான்கு பேர், பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஏழு பேர். எல்லாம் நட்சத்திரத்துக்கே போனால் அணி இருக்காது. அமெரிக்கச் சமரசத்திலேயே பழைய பாக்கியின் பெரும்பகுதி ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது என்று சில வீராங்கனைகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். என் முடிவு இது. ஒருத்தியின் பெயரோ எண்ணோ முகமோ தனியாகத் தெரிகிற எதுவானாலும், சட்டையோ ஃபிளெக்ஸோ ரீல்ஸோ, அதற்குத் தரும் தொகையில் பாதி அவளுக்கு, பாதி அணி நிதிக்கு. கல்லூரிச் சின்னம் மட்டும் போட்ட சட்டையின் லாபத்தில் தனி மனிதருக்குப் பங்கு கேட்க நியாயமில்லை. சின்னம் கல்லூரியினுடையது. விளம்பரமே செய்யாத அரசுக் கல்லூரி எங்கிருந்து கொடுக்கும் என்றால், அது எதையும் விற்கவில்லை, ஆகவே எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தைவிட முந்தியது காயம். 1955-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கல்லூரி ஆட்டக்காரர் மைதானத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே இவர் தொழிலாளி இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. நம் பக்கத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்த பையன்களுக்கு அடுத்த ஆண்டு கட்டண ரசீது நீட்டப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்கு அப்பா கடன் வாங்கிக்கொண்டிருப்பார். சுவரில் பையன் படம் அப்படியே இருக்கும். எந்தப் பங்கையும் கொடுப்பதற்கு முன்னால், சேரும் நாளில் கொடுத்த சீட்டு காயத்தால் போகாது என்று எழுதிக் கொடுங்கள். மருத்துவக் காப்பீடு எடுங்கள்.

கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆனால் இது பேரம் பேசி வளர்ந்த பூமி. பஞ்சப்படி கேட்டு 1984-ல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் முதலாளி சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போடுகிற கூலி ஒப்பந்தத்தில்தான் அந்த ஊர் ஓடுகிறது. ஜெர்சியைத் தைக்கிறவருக்குப் பீஸ் ரேட் பேச உரிமை இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவருக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது என்று யார் சொன்னது?

மேடையில் மூன்று தாளாளர்கள் இருக்கிறீர்கள். நான் கேட்பது பெரிய தொகை அல்ல. இந்த ஆண்டு சேர்க்கைக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் முன், படத்தில் வரப்போகிற பிள்ளையையும் பெற்றோரையும் அலுவலகத்துக்கு அழையுங்கள். ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய ஒப்பந்தம், எத்தனை மாதம், எங்கெல்லாம், எவ்வளவு என்று தெளிவாக. மாட்டேன் என்று சொன்னால் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும். பிரிண்டிங் கடைக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதில் குறையாத தொகையைப் பிள்ளையின் வங்கிக் கணக்கிலும் அணி நிதியிலும் பாதிப் பாதியாகப் போடுங்கள். பின்வரிசையில் டிராக் சூட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.